ஏற்காட்டுச் சாலை நர்சரியில் வாங்கிய வெள்ளை லில்லி

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், 20 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமுன் வரும் நர்சரி ஒன்றில், எங்கள் கிணற்றடியில் எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் மூலைக்காகக் கடந்த ஆண்டு ஆடியில் இரண்டு லில்லிச் செடிகள் வாங்கினேன். ஏற்காட்டுத் தோட்டமொன்றில் வாய்க்காலோரம் பார்த்திருந்த, வெள்ளைப் புனல் போன்ற பூவுடைய ஆரம் லில்லிதான் வேண்டுமென்று கேட்டேன். அப்பெயர் எழுதிய அட்டை செருகிய பைகளையே, ஒன்று 120 ரூபாய் வீதம், எடுத்துக் கொடுத்தார்கள்.

செடியின் தரத்தில் குறையில்லை. பையைக் கிழித்தபோது மண்கட்டி உதிரவில்லை. வேரில் அழுகலும் இல்லை. ஆனால் புரட்டாசியில் பூத்தது ஸ்பைடர் லில்லி.

சிலந்திக் கால்கள் போல ஆறு மெல்லிய இதழ்கள், நடுவே மகரந்தத் தாள்களை அடியில் இணைக்கும் சவ்வுக் கிண்ணம், இரவில் எழும் மணம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஏறத்தாழ இதே தோற்றமுள்ள விஷமூங்கில் பூவில் அந்தக் கிண்ணம் இராது. ஆரம் லில்லியிலோ நாம் இதழென்று நினைப்பது, சுருண்ட ஒற்றை வெண்மடல். உள்ளே நிற்கும் மஞ்சள் தண்டில்தான் உண்மையான பூக்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. தென்னாப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்த அது நம் சேம்பின் குடும்பம்; அமெரிக்க வெப்பமண்டலத்துச் ஸ்பைடர் லில்லியோ வெங்காயத்துக்கு உறவு. தாவரவியலின்படி இரண்டுமே லில்லி அல்ல.

உண்மையில் பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை: ஆரத்தின் இலை அம்புமுனை வடிவில் சேம்பிலை போலவும், மற்றதன் இலை நீண்ட பட்டையாகவும் இருக்கும். வாங்கும்போதே அதைக் கவனிக்காதது என் தவறுதான். இரண்டுமே தின்றால் நஞ்சு என்பதை மட்டும், குழந்தைகள் உள்ள வீடுகளுக்காகவேனும், விற்பவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பச் சென்று கேட்டபோது, "ரெண்டும் வெள்ளைதானுங்களே" என்று சிரித்த உரிமையாளர், மறுபேச்சின்றி உண்மையான ஆரம் செடி ஒன்றைக் காசு வாங்காமல் கொடுத்ததோடு, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் செழிக்கும் அது சேலத்து வெயிலில் வாடும், நிழலில் வையுங்கள் என்றும் எச்சரித்தார். அவர் சொன்னபடியே சித்திரையில் இலைகள் முற்றிலும் காய்ந்து, மழைக்குப் பிறகு கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்த்தன, இன்னும் பூக்கவில்லை. ஸ்பைடர் லில்லியை நான் பிடுங்கவில்லை, கிணற்றடிக்கு அதுவே பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஈரம் தாங்கும் செடிகளுக்கு இந்த நர்சரிக்குத் தயங்காமல் போகலாம். பெயரட்டையை விட்டுவிட்டு இலையைப் பார்த்து வாங்குங்கள். போன வாரம் சென்றபோதும் அந்த அட்டை, பட்டை இலைச் செடியில்தான் செருகியிருந்தது.