இரண்டு மணி நேரத்தில் ஆறிவிடும் ரப்பர் பை

இந்த வெந்நீர் ஒத்தடப் பையை என் தங்கைக்காகத்தான் வாங்கினேன். பத்தாவது வாரத்தில் அவளுக்குக் கரு கலைந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கும் வலி. மாத்திரையோடு சூடான ஒத்தடமும் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதலில் வாங்கியது இது இல்லை. வயர் வைத்த மின்சார ஒத்தடப் பட்டை ஒன்று. மூன்று நிலைகளில் சூடு மாற்றலாம், வைத்த சூடு அப்படியே நிற்கும். பொருளாகப் பார்த்தால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மதியம் பிளக்கில் செருகிக் கொடுத்தால் ராத்திரி வரை அவளுக்கு யாருமே தேவைப்படவில்லை. அறை வாசலில் போய் நிற்பேன். "எதுவும் வேண்டாம்க்கா" என்பாள். கையில் செய்ய ஒன்றும் இல்லாததால் வாய் பேசிவிடும். "உனக்கு இன்னும் வயசு இருக்குடி" என்று நானே சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் இன்றைக்கும் எடுத்துக்கொள்வேன். அவள் இழந்தது அந்தக் குழந்தையை. அடுத்த குழந்தையைப் பற்றி அவள் யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் போய் இந்த ரப்பர் பையை வாங்கி வந்தேன். இரண்டு லிட்டர் கொள்ளும். ஒரு பக்கம் வரி வரியாக இருக்கும், மறுபக்கம் வழவழப்பு. பின்னல் துணியில் ஒரு உறையும் சேர்த்தே தந்தார்கள். ஆரம்பத்தில் ரப்பர் வாடை அடித்தது, காற்றாடத் தொங்கவிட்டதும் இரண்டு நாளில் போய்விட்டது. அப்புறம் வாயில் திருகும் மூடி. இந்தப் பொருளின் உயிரே அதுதான். வாங்கும்போதே திருகிப் பாருங்கள். மூடிக்குள் இருக்கும் வாஷர் வெடித்திருந்தாலோ, கடைசிச் சுற்றில் இறுகாமல் வழுக்கினாலோ அந்தப் பை வேண்டாம்.

நிரப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடும், கை தவறினால் வெந்தும் போகும். கொதித்ததை இறக்கிச் சில நிமிடம் விட்டு, பையைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊற்ற வேண்டும். மூன்றில் இரண்டு பங்குதான். பிறகு பையை மெல்லச் சாய்த்து, தண்ணீர் வாய் வரை வந்து எட்டிப் பார்க்கும் வரை உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று நின்றால் பை பலூன் மாதிரி உப்பிக்கொண்டு வயிற்றில் படியாது. காற்று போய்விட்டால் உடம்போடு ஒட்டிக்கொண்டு, தூங்குகிற பூனைக்குட்டி மாதிரி கனமாகக் கிடக்கும். மூடியைத் திருகி, தொட்டிக்கு மேல் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, ஈரத்தைத் துடைத்து, உறையை மாட்டிக் கொண்டுபோக வேண்டும். மொத்தம் பத்து நிமிட வேலை.

இரண்டு மணி நேரத்தில் ஆறிவிடும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். நான் இந்தப் பையைச் சிபாரிசு செய்வதே இதற்காகத்தான். ஆறினால் யாராவது போய் எடுத்து வந்து மாற்ற வேண்டும். எனக்கு அந்த அறைக்குள் போக ஒரு காரணம் கிடைத்தது. "எப்படி இருக்கே?" என்று கேட்டால் அவள் பதில் யோசிக்க வேண்டியிருக்கும். "தண்ணி மாத்தட்டுமா?" என்றால் தலையை ஆட்டினால் போதும். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை உள்ளே போனேன். பையை வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துவிடுவேன், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன், எழுந்து வருவேன். பேச்சு அவளாக எடுத்தால்தான். ஆறுதல் என்ற சொல்லே ஆறுவதிலிருந்து வந்ததுதானே என்று அப்போதுதான் தோன்றியது. ஆறுவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆளும் வேண்டும்.

ஐந்தாம் நாள் பையை மாற்றும்போது அவளாகவே கேட்டாள்: "தண்ணி வாளி தூக்கினேனே, அதனாலயாக்கா?" ஐந்து நாளாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். மருத்துவர் எனக்கு விளக்கியிருந்ததை அன்றைக்கு அவளிடம் சொன்னேன். கர்ப்பம் என்று தெரிந்த பிறகும் 100-க்கு 10 முதல் 20 வரை கலைந்துபோகிறது. பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள். அப்படி ஆரம்பத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கை பிசகிவிடுவது. வாளி தூக்கியதோ, படி ஏறியதோ, வேலைக்குப் போனதோ இல்லை. "நீ செஞ்சது எதுவும் இல்லடி" என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். வாசலில் நின்றுகொண்டு இதை அவளிடம் சொல்லியிருக்க முடியாது.

சூடு எப்படி வேலை செய்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். தோல் நரம்புகளில் சூட்டை உணர்வதற்கென்றே தனி ஏற்பிகள் இருக்கின்றன. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கும், அழுத்தத்தை உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் சேர்த்துத்தான் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். சூடும் கனமும்: இந்தப் பை தருவது இந்த இரண்டும்தான். இறுகிக் கிடக்கும் தசை சூட்டில் தளர்வதால் வயிற்றுப் பிடிப்பு குறைகிறது. மனசுக்கு என்ன செய்கிறது என்று எனக்கு விளக்கத் தெரியாது. இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு அவள் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

தூங்கியதும் நான் பையை எடுத்துவிடுவேன். இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொட்டால் பொறுக்கிற சூடுதானே என்று தோன்றும். ஆனால் 44 டிகிரி சூடுகூட ஒரே இடத்தில் மணிக்கணக்கில் பட்டால் தோல் வெந்துவிடும், தூக்கத்தில் தெரியவும் தெரியாது. உறை இல்லாமல் வெறும் தோலில் வைக்கவே கூடாது. கைக்குழந்தைகளுக்கும், சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் இது வேண்டாம். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பிவிசியில் செய்தது கிடைக்கிறது.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. பையின் கழுத்துப் பக்கம் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும். நடுவில் இருப்பது தயாரித்த வருடம். சுற்றிலும் 12 இதழ்கள், மாதத்துக்கு ஒன்று. இதழ்களில் குத்தியிருக்கும் புள்ளிகளை எண்ணினால் வாரம் வரை தெரியும். கடையில் ரொம்ப நாள் கிடந்த பையா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிஎஸ் 1970 என்று அச்சிட்டிருந்தால் அது பிரிட்டிஷ் தரநிலையின் எண், வருடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க நன்றாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு பையை வைத்துக்கொள்ளக் கூடாது, ரப்பர் உள்ளுக்குள் நைந்துகொண்டே வரும். வேலை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூடியைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

எங்கள் பைக்கு இரண்டு வருடம் முடிந்துவிட்டது. போன மாதம் அதே மாதிரியில் புதிது வாங்கிக் கொடுத்தேன். பழையதைத் தூக்கிப்போட அவளுக்கு மனசு வரவில்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் உறையோடு வைத்திருக்கிறாள். அதில் மட்டும் வெந்நீர் ஊற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.