தள்ளுகிற கையா, தப்பான மேடா?

திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தில் சைக்கிளில் ஏறியவர்களுக்குத் தெரியும்: மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தளரும். தளராமல் வேகம் கூடினால்? "பின்னாடி யாரோ தள்ளுதாங்க, இல்லன்னா அது மேடே இல்ல, மாமா" என்றான் இயற்பியல் படிக்கும் என் தங்கை மகன்.

விரிந்துகொண்டே போகும் அண்டத்தின் சங்கதியும் இதுதான். 1998-ல் இரண்டு வானியல் குழுக்கள் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை அளந்தபோது அவை எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது இன்னும் தொலைவில் இருந்தன. ஈர்ப்பால் தளர வேண்டிய விரிவு வேகம் பிடித்திருக்கிறது.

தள்ளுகிற கைக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர். அண்டத்தின் மொத்த ஆற்றலில் சுமார் 68 விழுக்காடு அதுதான் என்கிறது கணக்கு. எளிய வடிவம், 1917-ல் ஐன்ஸ்டைன் சேர்த்த அண்டவியல் மாறிலி. ஒரே ஒரு எண்; பெரும்பாலான அளவீடுகள் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது? வெற்றிடத்தின் ஆற்றல் என்று குவாண்டம் வழியில் போட்டுப் பார்த்தால், 1-க்குப் பின்னால் ஏறக்குறைய 120 சுழியங்கள் போட்ட மடங்கு அதிகமாக வருகிறது. எங்கள் ஊர் மளிகைக் கடையில் இப்படிக் கணக்கு எழுதினால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

சரி, மேடு பற்றிய விதியே, அதாவது ஈர்ப்பு விதியே தப்பா? இதற்கும் முன்னுதாரணம் உண்டு. யுரேனஸ் தடம் பிசகியபோது மறைந்திருந்த கோளைத் தேடினார்கள். 1846-ல் நெப்டியூன் கிடைத்தது. புதன் பிசகியபோதும் அப்படியே ஒரு கோளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலால் ஈர்ப்பு விதியே மாறியது.

ஆனால் இன்றைக்கு விதியை மாற்றுவது லேசில்லை. மாற்றம் சூரியக் குடும்பத்தில் தெரியவே கூடாது. அதற்காக, பொருள் அடர்ந்த இடத்தில் ஒளிந்து, வெறுமையில் தலைகாட்டும் ஒரு விசையைக் கொண்டுவருகிறார்கள். பச்சோந்தி என்றே பெயர்! எனக்கு இது கொஞ்சம் சாக்குப்போக்காகத்தான் படுகிறது. பெரிய அடி விழுந்தது 2017 ஆகஸ்ட் 17-ல். சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. அந்த மோதலின் ஈர்ப்பலை (ஈர்ப்பின் அதிர்வு) வந்த 1.7 விநாடியில் ஒளி வேகத்தில் போகும் காமாக் கதிரும் வந்தது. ஈர்ப்பலை ஒளியைவிட வேறு வேகத்தில் போகும் என்ற மாதிரிகள் பல அன்றோடு படுத்துவிட்டன. வேகத்தைத் தொடாதவை தப்பித்தன.

விரிவின் வேகத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. கேலக்சிகள் எவ்வளவு விரைவாகக் கூட்டம் சேர்ந்தன என்று பார்க்க வேண்டும். ஈர்ப்பு மாறியிருந்தால் அந்த வளர்ச்சியும் மாறும். 2023-ல் ஏவிய யூக்ளிட் தொலைநோக்கி அதைத்தான் அளக்கிறது. இதற்கிடையில் 2024, 2025-ல் வந்த, கேலக்சிகளை வரைபடமாக்கும் டெசி (DESI) ஆய்வின் அளவீடுகள் இருண்ட ஆற்றல் காலத்தோடு மாறலாம் என்று கோடி காட்டின. மாறிலிக்கு அது தலைவலி. அதனாலேயே மாற்று ஈர்ப்பு ஜெயித்ததாக ஆகாது.

இப்போதைக்கு என் ஓட்டு தள்ளுகிற கைக்குத்தான். மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தக் கைய யாரு பாத்தா, மாமா?"