சில்வர்ஸ்டோனா, குட்வுட்டா, லெ மான்ஸா? கிளப்போடு டென்ட் அடிக்க எது தோது

பழைய கார்க்காரர்கள் ஒரு கண்காட்சியிலிருந்து திரும்பினால், எத்தனை கார் வந்தது, எந்தப் பந்தயம் களைகட்டியது என்றுதான் பேசுவார்கள். பழைய கார் கிளப்போடு போய் இரண்டு மூன்று இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. பகலில் நடப்பது எல்லாருக்கும் பொது. காலையில் வந்து மாலை ஐந்துக்குக் கிளம்புகிறவரும் அதையேதான் பார்க்கிறார். வாயில் மூடியதிலிருந்து மறுநாள் திறக்கும்வரை உள்ள நேரம்தான் தங்குகிறவரின் சொத்து. அந்த நேரத்தில் கார் எங்கே நிற்கிறது, டென்ட் எங்கே இருக்கிறது, நம் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளை வைத்துத்தான் இங்கே எடை போடுகிறேன்.

தென் இங்கிலாந்தில் உள்ள ஒரு கிளப்புக்குக் கைக்கெட்டும் பெரிய பழைய கார்ப் பந்தய நிகழ்ச்சிகள் மூன்று. நார்தாம்ப்டன்ஷயரில் ஆகஸ்ட் கடைசி வார இறுதியில் நடக்கும் சில்வர்ஸ்டோன் ஃபெஸ்டிவல். மேற்கு சசெக்ஸில் சிசெஸ்டருக்குப் பக்கத்தில் செப்டம்பரில் நடக்கும் குட்வுட் ரிவைவல். கடல் தாண்டி பிரான்ஸுக்குப் போனால், ஜூலைத் தொடக்கத்தில் லெ மான்ஸ் கிளாசிக். என்னுடையது மோரிஸ் மைனர் டிராவலர், பின்பக்கம் மரச்சட்டம் போட்ட ஸ்டேஷன் வேகன். என் தீர்ப்பில் சாய்வு தெரிந்தால் அதற்கு அந்த வண்டிதான் பொறுப்பு.

சில்வர்ஸ்டோன்: கிளப்பை மதிக்கிற இடம்

1990-இல் தொடங்கி நெடுங்காலம் சில்வர்ஸ்டோன் கிளாசிக் என்ற பெயரில் நடந்தது இது. மூன்றிலும் கிளப்களுக்கு அதிக மரியாதை தருவது இதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட கிளப்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பந்தயத் தடத்தின் உட்பகுதியில் புல்திடல் ஒதுக்குவார்கள். கொடி நட்டு, பந்தல் போட்டு, நாற்காலி விரித்து உட்கார்ந்துகொள்ளலாம். ஏதாவது ஒரு மாடலுக்கு ஐம்பதாம் ஆண்டு, அறுபதாம் ஆண்டு என்று வந்தால் எல்லாரையும் தடத்தில் ஊர்வலமாக விடுவதும் உண்டு. 2013-இல் போர்ஷே 911-க்கு ஐம்பது ஆனபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட 911-கள் ஒன்றாகச் சுற்றின.

வண்டியின் வயதைக் கேட்டு யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பது இன்னொரு நல்ல விஷயம். 1959 மினியும் 1999 மினியும் ஒரே திடலில் நிற்கலாம். கிளப்புக்குள் சண்டை வராமல் இருக்க இது எவ்வளவு முக்கியம் என்பது குட்வுட் கதை வரும்போது புரியும்.

குறை, இடைவெளியில் இருக்கிறது. கிளப் திடல் தடத்துக்கு உள்ளே, கூடார மைதானம் வெளியே. பகலில் காரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் டீ போடும் ஸ்டவ் டென்டில் இருக்கிறது. இரவில் டென்டில் இருக்கிறோம், பேச்சு எல்லாம் காரைப் பற்றி, கார் மட்டும் கூட இல்லை. கூடார மைதானத்தில் கிளப் முழுவதும் பக்கத்துப் பக்கத்தில் விழ வேண்டுமென்றால் எல்லாரும் சேர்ந்து முன்பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். பழைய கார்கள் ஒரே நேரத்தில் எங்கும் போய்ச் சேர்ந்ததாக வரலாறு இல்லை.

காற்றையும் மண்ணையும் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. சில்வர்ஸ்டோன் 1943-இல் குண்டுவீச்சு விமானங்களுக்காகத் திறந்த தளம். தட்டையான நிலம், காற்றைத் தடுக்க எதுவும் கிடையாது. உயரமான குடும்ப டென்ட் அடித்தவர்கள் இரவெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மண் களிமண். 2012 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ வாரத்தில் மழை கொட்டி, கார் நிறுத்தும் வயல்களும் கூடார மைதானங்களும் சேறாகி, சனிக்கிழமை பொதுப் பார்க்கிங் டிக்கெட் வைத்திருந்தவர்களை வர வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார்கள். ஆகஸ்டில் அவ்வளவு மோசமாவது அபூர்வம். ஆனாலும் மெலிந்த டயரும் பின்சக்கர இழுவையும் உள்ள வண்டிக்காரர்கள் தாழ்வான மூலையில் இடம் பிடிக்க வேண்டாம்.

இதன் பெரிய வசதியை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. அடுத்த நாள் திங்கட்கிழமை வங்கி விடுமுறை. ஈர டென்டை வீட்டுத் தோட்டத்தில் விரித்துக் காயவைக்க ஒரு முழுநாள் கையில் இருக்கிறது. செப்டம்பரில் ஞாயிறு இரவு வீடு வந்து திங்கள் காலை வேலைக்கு ஓடி, அடுத்த வாரம் டென்ட் பையைத் திறந்து பூஞ்சை நாற்றம் பிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குட்வுட்: காருக்குத் திருவிழா, கிளப்புக்குப் பிரிவினை

பார்ப்பதற்கு மூன்றிலும் அழகானது குட்வுட் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) வெஸ்ட்ஹாம்ப்நெட்டாக இருந்த விமானத் தளத்தின் சுற்றுச்சாலையைப் பந்தயத் தடமாக்கி 1948 செப்டம்பர் 18 அன்று திறந்தார்கள். 1966-இல் பந்தயம் நின்றது. தடம் திறந்து சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1998-இல் அதே தேதியில் ரிவைவல் தொடங்கியது. தடத்தின் எல்லைக்குள் 1966-க்குப் பிந்தைய வண்டி எதுவும் கண்ணில் படக் கூடாது என்பது விதி. பார்வையாளர்களும் 1940, 50, 60-களின் உடையில் வருகிறார்கள். கட்டாயம் இல்லை, ஆனால் டி-ஷர்ட்டில் போனால் நீங்களே கூசிப்போவீர்கள்.

குழந்தைகளுக்கான செட்ரிங்டன் கோப்பை ஒன்றுக்காகவே ஒருமுறை போகலாம். ஆஸ்டின் ஜே40 என்ற மிதி கார்களில் சிறுவர்கள் தடத்தில் மிதித்துப் போட்டி போடுவார்கள். சுரங்க வேலையில் உடல்நலம் இழந்த தொழிலாளர்களுக்கு வேலை தருவதற்காக 1949-இல் வேல்ஸில் திறந்த தொழிற்சாலையில் செய்த கார்கள் அவை. பந்தயக் கார்களுக்கு வராத கைதட்டல் இதற்கு வரும்.

இனி கிளப் விஷயம். 1966-க்கு முந்தைய கார்களுக்குத் தனி நிறுத்துமிடம் உண்டு, அதுவே ஒரு கண்காட்சி. அங்கே கார் நிறுத்தினால் உங்கள் வண்டியும் காட்சியில் ஒரு பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிளப்பில் யாரிடம் என்ன கார் இருக்கிறது என்று பாருங்கள். எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் 1962-இலிருந்து 1980 வரை வந்தது, மோரிஸ் மைனர் 1948-இலிருந்து 1971 வரை, மினி 2000 வரை. ஒரே மாடல், ஒரே கிளப், ஒரே கான்வாய். வாசலில் வந்ததும் ஒருவர் வலப்பக்கம் காட்சித் திடலுக்கும், மூன்று வருடம் இளைய காரை ஓட்டி வந்தவர் இடப்பக்கம் சாதாரண பார்க்கிங்குக்கும் போகிறார்கள். சந்தாவை இருவரும் ஒரே அளவு கட்டியவர்கள். முன்பக்கம் குரோம் பம்பர் மின்ன வந்தாலும் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் ஆண்டுதான் பேசும். எங்கள் கிளப்பில் குட்வுட் என்ற பேச்சு எழுந்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிவது இதனால்தான். தகுதி பெற்ற கார்களையும் வந்த வரிசையில் நிறுத்துவதால், ஒன்றாக நிற்க விரும்பினால் ஒன்றாகவே நுழைய வேண்டும்.

தங்கும் அனுபவத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. தடத்துக்குள் 1950-கள், கூடார மைதானத்தில் நைலான் டென்டும் ஊதும் மெத்தையும். காலை ஏழு மணிக்கு மூன்றடி உயர டென்டுக்குள் குனிந்தபடி கோட்டு, டை, தொப்பி எல்லாம் அணிந்து, சேறு படாமல் வெளியே வருவது ஒரு வித்தை. பெண்கள் பாடு இன்னும் கஷ்டம். தலைமுடியைச் சுருட்டி அந்தக் காலத்து அலங்காரம் செய்ய ஷவர் அறைக் கண்ணாடி முன் வரிசை நிற்கும். உடையைச் சுருங்காமல் தொங்கவிட உயரமான டென்ட் வேண்டும் அல்லது பெரிய வேன் வேண்டும். சின்ன ஸ்போர்ட்ஸ் கார் டிக்கியில் டென்டும் தொப்பிப் பெட்டியும் சேர்ந்து அடங்காது.

மாலையில் பந்தயம் நின்றுவிடும், தூக்கம் கெடாது. அதிகாலைப் பனிதான் எதிரி. செப்டம்பர் ஈரத்தில் பழைய மினிகள் கிளம்ப மறுக்கும். எஞ்சினின் தீப்பொறிக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் அவற்றில் முன்கிரில்லுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஒரு துணியும் ஈரத்தை விரட்டும் டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே ஒரு டப்பாவும் கையில் இருந்தால் காலையில் நாலு நண்பர்களைச் சம்பாதிக்கலாம்.

லெ மான்ஸ்: தூக்கத்தை மறந்துவிடுங்கள்

2002-இல் தொடங்கிய லெ மான்ஸ் கிளாசிக் பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்து வந்தது. 13.626 கி.மீ. நீளமுள்ள அதே 24 மணி நேரப் பந்தயத் தடம். அதில் ஒரு பகுதி மற்ற நாட்களில் லாரிகள் ஓடும் பொதுச்சாலை. 2025 வரை இருந்த வடிவத்தில், 1923 முதல் 1981 வரையிலான கார்களை ஆறு காலப் பிரிவாக்கி, சனி மாலையிலிருந்து ஞாயிறு வரை மாற்றி மாற்றி ஓடவிட்டார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று ஓட்டம். ஆகவே நடுராத்திரியிலும் தடம் சும்மா இருக்காது. அதிகாலை மூன்று மணிக்கு மாட்ரா காரின் வி12 எஞ்சின் அலறும் சத்தம் டென்ட் துணி வழியாக வந்தால், அது இசை என்பவரும் உண்டு, இம்சை என்பவரும் உண்டு. நான் முதல் கட்சி. எங்கள் கிளப்பில் காதடைப்பானோடு படுத்தும் புரண்டுகொண்டே விடிய வைத்தவர்கள் ஏராளம்.

என் மூன்று கேள்விகளுக்கும் சாதகமான விடை கிடைப்பது இங்கேதான். பெரும்பாலான கூடார மைதானங்களில் டென்டுக்குப் பக்கத்திலேயே கார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் நிழலில் சமைக்கலாம். ஸ்பானரை எடுக்க ஒரு மைல் நடக்க வேண்டாம். பகலில் கிளப்களுக்குத் தனி இடம், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப் கார்கள். முன்பதிவு செய்து பணம் கட்டினால் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. மாலையானால் ஊர்த் திருவிழா இரவைப் போல ஒரு டென்டிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் போய்வந்துகொண்டே இருப்பார்கள். பக்கத்து டென்டில் பெல்ஜியத்துக்காரர், எதிரே டச்சுக்காரர். டிரையம்ப் ஹெரால்டின் பானட்டை முன்னால் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒருவர் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டினால் நாலு மொழியில் யோசனை வரும். சென்னையில் வளர்ந்தவர்கள் அந்தக் காரைப் பார்த்ததும் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ என்றே கூப்பிடுவார்கள். 1960-களில் அதை அங்கே அந்தப் பெயரில்தான் தயாரித்தார்கள். ரவை உப்புமா வாசனைக்கும் கூட்டம் சேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விலை கொடுக்க வேண்டியது வழியில். போர்ட்ஸ்மத்திலிருந்து நார்மண்டியின் கான் துறைமுகத்துக்கு ஃபெர்ரி, பகல் பயணம் என்றால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். இறங்கியபின் சாலையில் சுமார் 170 கி.மீ. வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள காரில் தனியாகப் போகிறவர் சுங்கச்சாவடியில் இறங்கிச் சுற்றிவந்து பணம் கட்ட வேண்டும், ஏனென்றால் இயந்திரம் இடப்பக்கம். பிரான்ஸில் ஒளிரும் மேல்சட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் காரில் இருந்தே ஆக வேண்டும். ஜூலை வெயிலில் லெ மான்ஸ் நெருங்கும்போது வாகனங்கள் தேங்கி நிற்கும், ரேடியேட்டர் கொதிக்கும். தண்ணீர் கேன் இல்லாமல் கிளம்பாதீர்கள். பெட்ரோலில் எத்தனால் கலப்பு பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலே பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டதால் நாங்கள் எத்தனால் குறைந்த சூப்பர் வகையைத்தான் போடுகிறோம். அங்கே எஸ்.பி.98 என்ற பலகையைத் தேடுங்கள்.

இன்னொரு மாற்றம்: 2026 முதல் ஆண்டுதோறும் நடத்துவதாக அறிவித்து, நிகழ்ச்சியை லெஜெண்ட், ஹெரிடேஜ் என்று ஓராண்டு விட்டு ஓராண்டு வரும்படி இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முதலாவது பிற்காலக் கார்களுக்கு, இரண்டாவது பழையவற்றுக்கு. மைனர், எம்.ஜி.ஏ. வைத்திருக்கிற கிளப்கள் ஹெரிடேஜ் ஆண்டுக்குக் காத்திருப்பதே மேல்.

எதில் படுப்பது

இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. சின்ன காருக்குச் சின்ன டென்ட். டிராவலர் வைத்திருப்பவர் பின்சீட்டை மடித்து உள்ளேயே படுக்கலாம், பெட்ரோல் வாடையைப் பொறுத்துக்கொண்டால். ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வைத்திருப்பவர் எங்கும் ராஜா, சாலையில் மேடு வரும்வரை. பக்கத்து ஊர் ஹோட்டலில் தங்குபவர் நன்றாகத் தூங்குவார், ஆனால் இரவுப் பேச்சு முழுவதையும் இழப்பார். எதில் படுத்தாலும் ஒன்று: குளிருகிறதென்று எரிந்து முடிந்த பார்பெக்யூவை டென்டுக்குள் கொண்டுவராதீர்கள். கனல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும், அதற்கு வாசனை கிடையாது.

என் தேர்வு

முதல்முறை தங்கப் போகும் கிளப், குழந்தைகள் உள்ள குடும்பங்கள், பல வயதுக் கார்கள் என்றால் சில்வர்ஸ்டோன். கணவன் மனைவி இருவர், கையில் 1966-க்கு முந்தைய கார், பெட்டியில் நல்ல உடை என்றால் குட்வுட். அதைக் கிளப் பயணமாக்க முயல வேண்டாம். இருவர் இருவராகப் போய் அங்கே சந்தித்துக்கொள்ளுங்கள். கிளப் கிளப்பாகவே மூன்று இரவு சேர்ந்திருக்க வேண்டும் என்றால் லெ மான்ஸ், செலவும் தூக்கமும் போனாலும். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இன்னும் இதை ஏற்கவில்லை. ஒத்துக்கொண்ட மீதிப்பேருக்கு: கண்காட்சி டிக்கெட்டோடு சேர்த்தே ஃபெர்ரியையும் பதிவு செய்யுங்கள், அந்த வாரக் கப்பல்கள் சீக்கிரம் நிறையும். கூரையில் பெட்டி கட்டுவதாக இருந்தால் உயரத்தை அளந்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள், உயரம் கூடினால் கட்டணமும் கூடலாம்.