‘வீல்சேர் ஃப்ரெண்ட்லி’ என்று சொல்லி டோக்கன் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள்

மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் வாடகைக்கு வீடு தேடும் சக்கர நாற்காலிக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் இதைப் படித்துவிட்டு அப்புறம் டோக்கன் கொடுங்கள். விளம்பரத்தில் ‘வீல்சேர் ஃப்ரெண்ட்லி’ என்று போடுகிறார்கள். அளவு கேட்டால் வேறொரு வீட்டின் வீடியோவை அனுப்புகிறார்கள். முன்பணம் கைக்குப் போனதும் “இவ்வளவுதான் சார் சென்னையில கிடைக்கும்” என்கிறார்கள். என்னிடம் 30,000 ரூபாய் இப்படிப் போனது. வழக்கு நடப்பதால் புரோக்கரின் பெயரைப் போடவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லத் தடையில்லை.

எனக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. கைகள் நன்றாக இருக்கின்றன, நாற்காலியை நானே தள்ளிக்கொள்வேன். திருச்சி வீட்டில் எல்லாவற்றையும் எனக்குத் தோதாக மாற்றி வைத்திருந்தோம். சென்னையில் வேலை கிடைத்ததால் நானும் அம்மாவும் குடிமாற வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டையும் நேரில் போய்ப் பார்க்க என்னால் ஆகாது என்பதால், புரோக்கர்களுக்கு அனுப்ப ஒரே கேள்விப் பட்டியல் வைத்திருந்தேன். தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, ரேம்ப் எவ்வளவு நீளம், லிஃப்ட் கதவு எவ்வளவு அகலம், பாத்ரூம் கதவைத் திறந்து வைத்தால் உள்ளே நுழைய எத்தனை அங்குலம் கிடைக்கும், பாத்ரூம் வாசலில் திண்டு உண்டா. டேப் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்ததுமே மறைந்துவிடுவார்கள். சிலர் நேராகவே, “ஓனர் ஒத்துக்க மாட்டார் சார், டைல்ஸ்ல கீறல் விழும்” என்பார்கள். அவர்கள் எவ்வளவோ மேல்.

இந்த ஆள் மட்டும் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். முதல் மாடி, லிஃப்ட் உண்டு, வாசலில் ரேம்ப் உண்டு, பாத்ரூம் கதவு 32 அங்குலம். வீடியோவும் வந்தது. நீல டைல்ஸ் போட்ட பாத்ரூம், கதவு நிலையில் டேப், அதில் 32 தெளிவாகத் தெரிகிறது. தரையும் வாசலும் ஒரே மட்டம். வாடகை 19,000. “இன்னொரு பார்ட்டி இன்னைக்கு சாயங்காலம் வர்றாங்க, டோக்கன் போட்டா நிறுத்தி வைக்கிறேன்” என்றார். விளம்பரம், பதில்கள், வீடியோ மூன்றும் வாட்ஸ்அப்பில் இருந்ததால் பணத்தை அனுப்பினேன். அனுப்பச் சொன்ன யுபிஐ எண்ணில் வேறொரு பெயர் வந்தது. கேட்டதற்கு, “நம்ம ஒய்ஃப் அக்கவுண்ட்தான் சார்” என்றார்.

நானும் அம்மாவும் மீதி அட்வான்ஸைக் கொடுத்துச் சாவி வாங்கத்தான் வந்தோம். ஸ்டில்ட் பார்க்கிங்கில் காரை விட்டு இறங்கியதுமே விஷயம் புரிந்துவிட்டது. லிஃப்ட் இருக்கும் இடம் பார்க்கிங் தரையிலிருந்து மூன்று படி உயரத்தில் இருந்தது. ஒன்றரை அடி. அந்தப் படிகளின் ஓரத்தில் இரும்புத் தகடு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, பைக் ஏற்றுவதற்கு. நீளம் நாலடி இருக்கும். அதுதான் அவர் சொன்ன ‘ரேம்ப்’.

ரேம்ப் கணக்கு சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வழிகாட்டு நெறிமுறைகளில் சாய்வு 1:12 என்று இருக்கிறது. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம். அந்த ஒன்றரை அடிக்கு 18 அடி வேண்டும், இங்கே இருந்தது நாலடி. அப்படிப்பட்ட தகட்டில் நாற்காலியை ஏற்றினால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு ஆள் மல்லாந்து விழுவார். இறங்கும்போது முகம் குப்புற. பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த ஒருவர் என் வீட்டில் அறுபது வயது தாண்டிய, மூட்டு வலிக்காரியான அம்மா.

இரண்டு பேர் தூக்கிப் பிடித்து மேலே கொண்டுபோனார்கள். லிஃப்டில் நாற்காலி நுழைந்தது, கால்மிதியைக் கழற்றிய பிறகு கதவும் மூடியது. வீட்டுக்குள் பழுப்பு டைல்ஸ். பாத்ரூம் வாசலில் மூன்றங்குல கிரானைட் திண்டு. டேப்பை நானே வைத்தேன். நிலையும் கதவின் தடிமனும் போகக் கிடைத்தது 24 அங்குலம், என் நாற்காலியின் அகலம் 25. உள்ளே நாற்காலியைத் திருப்ப இடமே கிடையாது. கதவுக்கு 900 மில்லிமீட்டர், திரும்ப 1,500 மில்லிமீட்டர் என்று நெறிமுறை சொல்லும் அளவையெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. நுழைய முடிந்தால் போதும் என்றுதான் 32 அங்குலத்துக்கு ஒத்துக்கொண்டேன்.

வாட்ச்மேனிடம் வீடியோவைக் காட்டினேன். “இது சி பிளாக் கீழ் வீடு சார். ஓனரே குடியிருக்காரு, வாடகைக்கு விடுறதில்ல” என்றார்.

புரோக்கர் அசரவில்லை. என்னைப் பார்க்காமல் அம்மாவிடம், “ஏம்மா, சார் எந்திரிச்சு ஒரு நாலு ஸ்டெப் வைக்க மாட்டாரா?” என்று கேட்டார். இந்தக் கேள்வி இதற்கு முன்பும் என் காதில் விழுந்திருக்கிறது, இனியும் விழும். அடுத்து, “கதவை மட்டும் கழட்டிட்டு ஸ்கிரீன் போட்டுக்கலாம்” என்றார். அதற்கப்புறம் 40,000 ரூபாய் எங்கள் செலவில் ரேம்ப் போட்டுக்கொள்ளலாம் என்றார். அசோசியேஷன் செயலாளரைக் கூப்பிட்டால், கார் நிற்கும் இடம் போய்விடும், அனுமதி இல்லை என்றார் அவர். கடைசியாகப் புரோக்கரிடமிருந்து ஒரு யோசனை: “உங்களுக்கெல்லாம் கவர்ன்மென்ட் வீட்டுல கோட்டா இருக்கே சார், அதுல டிரை பண்ணலாமே.” இருக்கிறது, 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 37-ம் பிரிவு அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. அடுத்த வாரம் வேலையில் சேர வேண்டியவனுக்கு அதனால் என்ன பயன்? இவர் என் பணத்தை வைத்துக்கொள்வதற்கும் அதற்கும்தான் என்ன சம்பந்தம்?

டோக்கன் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார். “நீங்களா வேணாம்னு போறீங்க” என்பது அவர் வாதம். வெளிநாட்டில் இருக்கும் வீட்டு ஓனரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் கைக்கு ஒரு ரூபாயும் போகவில்லை, டோக்கன் வாங்கியதே அவருக்குத் தெரியாது. போலீஸ் நிலையத்தில் “சிவில் மேட்டர்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் எந்தச் சட்டம் உதவும், எது உதவாது என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் அலைச்சல். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வீடு விற்க, வாங்கத் தரகு செய்பவர்களுக்குத்தான், வாடகைத் தரகரை அது தொடாது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது, ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ற சலுகையோடு. எங்களிடம் ஒப்பந்தமே கையெழுத்தாகவில்லை என்பதால் அந்த வழி எனக்கு ஒத்துவரவில்லை. எடுபடக்கூடியது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தரகு ஒரு சேவை, பொய் விளம்பரம் முறையற்ற வணிகம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. காணொலி வழியாக ஆஜராகவும் கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பார்க்கலாம்.

நான் பதிவுத் தபாலில் நோட்டீஸ் விட்டதும் 12,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்குத்தான் வழக்கு.

இப்படி ஒரு கட்டடத்துக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதி கூடாது, கட்டி முடித்த சான்றும் கூடாது என்று அதே 2016 சட்டத்தின் 44-ம் பிரிவில் இருக்கிறது. விதிகள்தான் வழவழ கொழகொழவென்று இருந்தன. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளின் 15(1) சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, கட்டாயம் செய்யவேண்டியவற்றைப் பிரித்து மூன்று மாதத்தில் புதிதாக விதி போடச் சொன்னது. ஏற்கெனவே கட்டி முடித்து, படிக்கட்டுக்கு மேலே லிஃப்டை வைத்த அடுக்ககங்களுக்கு நடுவில்தான் நாம் இன்று வாடகைக்கு வீடு தேடுகிறோம்.

இதே ஆள் மூலம் வந்த இன்னொரு ஏமாற்று, உதவியாளர் ஏஜென்சி. பயிற்சி பெற்ற அட்டெண்டர், 24 மணி நேரமும், மாதம் 24,000, பதிவுக் கட்டணம் 6,000. வந்த பையன் தங்கமானவன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தெரியுமா என்றேன். “அண்ணே, நான் போன வாரம் வரைக்கும் கேட்டரிங்ல இருந்தேண்ணே” என்றான். அக்குளில் கைகொடுத்துத் தூக்க வந்தான். என்னைப் போன்றவர்களுக்குத் தோள்தான் கால், அது போனால் எல்லாம் போச்சு. படுக்கைப்புண் என்ற சொல்லையே அவன் கேள்விப்பட்டதில்லை. நானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன், பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கையில் கிடைத்தது 13,000 என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. கற்றுக்கொண்டதும் அவனை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பதிவுக் கட்டணம் திரும்ப வரவில்லை. அனுப்பும் ஆளின் பயிற்சிச் சான்றை முன்கூட்டியே கேளுங்கள். முதல் நாள் உங்கள் கண்முன்னே ஒருமுறை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். முடியாதென்றால் பணம் கட்டாதீர்கள்.

இப்போது இருப்பது ஒரு பழைய தனி வீட்டின் கீழ்ப்பகுதி. வாசலில் ஒரே படி, கொத்தனாரை வைத்து ஆறடி நீளத்துக்குச் சாய்தளம் போட்டோம். வீட்டுக்கார அம்மா செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொண்டார். பாத்ரூம் கதவை வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றியதும் அவர்தான். விளம்பரத்தில் வந்த வீடு இல்லை இது, அலுவலக நண்பர் ஒருவரின் தெருவில் ‘டு லெட்’ பலகை தொங்கியது.

டோக்கன் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ரசீதில் இதை எழுதி வாங்குங்கள்: பிளாக், வீட்டு எண், ரேம்ப் நீளம், பாத்ரூம் கதவின் நுழைவு அகலம், ‘இந்த அளவுகள் நேரில் மாறுபட்டால் டோக்கன் முழுவதும் ஏழு நாளில் திருப்பித் தரப்படும்’. எழுத மறுத்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வீடியோவை தெருவாசலில் தொடங்கி, வீட்டு எண் தெரிய, நிறுத்தாமல் பாத்ரூம் வரை ஒரே மூச்சாக எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். பணத்தை ஓனர் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்.

புரோக்கர் இப்போது வேறு எண்ணில் இருக்கிறார். அந்த வீடியோ இன்னும் சுற்றுகிறது, போன வாரம் திருவண்ணாமலையிலிருந்து ஒருவர் எனக்கு அதையே அனுப்பி, ‘இந்த வீடு எப்படி?’ என்று கேட்டிருந்தார். நீல டைல்ஸ், ஜன்னலோரம் கைப்பிடி உடைந்த பச்சை வாளி, கதவு நிலையில் மஞ்சள் டேப். அந்த வீடு வாடகைக்கு இல்லை.