மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவசச் சட்ட உதவி: ஒரு மதிப்பீடு

நீதிமன்ற வளாகத்தின் ஒரு மூலையில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம், வழக்கு நடத்துகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாத இடமாக இருக்கிறது. தெரிந்தவர்களில் பாதிப் பேர், காசு வாங்காத வக்கீல் எப்படி வாதாடுவார் என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தில், என் உறவுக்காரப் பெண்மணி ஒருவரின் பாகப் பிரிவினை விவகாரத்துக்காக அந்த அலுவலகத்துக்கு அவருடன் சென்று வந்தேன். அதே அலுவலகம் நடத்திய விழிப்புணர்வு முகாம்களிலும் அமர்ந்து கேட்டேன். வாசலில் கிடைக்கும் உதவி நான் எதிர்பார்த்ததைவிட மேலானது. வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட பிறகு நடப்பதில்தான் மனுதாரர் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டியுள்ளது.

இச்சேவை யாருக்கு என்பதிலேயே பெருங்குழப்பம் நிலவுகிறது. சமமான நீதியையும் இலவசச் சட்ட உதவியையும் அரசின் கடமையாக்கும் 39ஏ பிரிவு, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்தது. அதைச் செயல்படுத்த இயற்றப்பட்ட 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடராலோ சாதி வன்கொடுமையாலோ பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. வருமானச் சான்று கேட்கப்படுவது இப்பட்டியலில் வராத மற்றவர்களிடம்தான். என் உறவினரோ, மகன் நல்ல வேலையில் இருப்பதால் தமக்குத் தகுதியில்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்.

முன்அலுவலகத்தில் அமர்ந்திருந்த சட்டத் தன்னார்வலர், ஓய்வு பெற்ற ஆசிரியை. பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என எவை கைவசம் உள்ளன, எவற்றை எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். சட்டம் படிக்காதவர் ஒருவர் இவ்வளவு தெளிவாகப் பேசியதற்கு, அவர் பெற்ற பயிற்சியைவிட அவருடைய பொறுமையே காரணம் என்று நினைக்கிறேன். மனு ஏற்கப்பட்டால் வழக்கறிஞரின் கட்டணத்தோடு நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், தட்டச்சு, சான்றிட்ட நகல் ஆகிய செலவுகளும் ஆணைக்குழுவைச் சேர்ந்தவை என்பதை அவர்தான் முதலில் சொன்னார். மனு மறுக்கப்பட்டால் ஆணைக்குழுவின் தலைவரிடம், அதாவது மாவட்ட முதன்மை நீதிபதியிடம், மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் கேட்காமலே தெரிவித்தார். இப்பகுதிக்கு என் முழு மதிப்பெண் உண்டு.

குழு வழக்கறிஞரின் பெயர் கையில் கிடைத்த பிறகு நிலைமை மாறுகிறது. வாய்தா தேதியை அவர் தாமாகத் தெரிவிக்கவில்லை. தொலைபேசியில் கேட்டால் குமாஸ்தாவைக் கேட்கச் சொன்னார். குமாஸ்தா நகல் செலவுக்கென்று பணம் எதிர்பார்த்தார். இலவச உதவி பெறுபவரிடம் எந்தப் பெயரிலும் கட்டணம் கேட்கவோ வாங்கவோ கூடாது என்பது 2010ஆம் ஆண்டின் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு விதிமுறைகளிலேயே இருக்கிறது. ஆயினும் வழக்கு கெட்டுவிடுமோ என்ற அச்சத்தில் மனுதாரர்கள் கொடுத்துவிடுகிறார்கள். நாங்கள் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்து மூலம் முறையிட்டோம். வேறு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார், அவர் ஒழுங்காகவே நடத்துகிறார். செயலாளர் பதவியில் இருப்பவர் ஒரு நீதிபதி என்பதால் எழுத்து முறையீட்டுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. வாய்மொழிப் புலம்பலுக்கு இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் உரிய 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டால், அடுத்த வாய்தாவை இகோர்ட்ஸ் செயலியில் நாமே பார்த்துக்கொள்ள முடியும். அந்த எண்ணை மனுதாரருக்கு எழுதித் தருவதை அலுவலகம் தன் வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

குறை முழுவதையும் வழக்கறிஞர்கள் தலையில் சுமத்துவதும் சரியன்று. ஒரு வழக்குக்கு இவ்வளவு என்று அவர்களுக்குத் தரப்படும் தொகை வெளிச்சந்தைக் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாதது. ஆகவே தம் சொந்தக் கட்சிக்காரர்களின் வழக்குகள் முன்னே போய்விடுகின்றன. குற்றவியல் வழக்குகளுக்கு 2022ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி முழுநேரச் சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர்கள் நியமிக்கப்படுகிறார்கள். உரிமையியல் வழக்குகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லாததன் விளைவையே மேலே சொன்னேன்.

லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். லோக் அதாலத்தில் சமரசம் ஏற்பட்டால், ஏற்கெனவே செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. விபத்து இழப்பீட்டுக்கும் வங்கிக் கடனுக்கும் இது மிகப் பொருத்தமான வழி. ஆனால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி அத்தீர்வை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. பாகத்துக்குப் பதிலாக ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு முடித்துக்கொள்ளலாமே என்று எங்களிடமும் பேசினார்கள். அலுவலகத்துக்கு முடிந்த வழக்குகளின் கணக்கு முக்கியம். மனுதாரருக்கோ நிலத்தின் இன்றைய மதிப்பு முக்கியம். சம்மதமில்லை என்று சொன்னதும், வழக்கு மறுபேச்சின்றி நீதிமன்றத்துக்கே திரும்பியது.

முகாம்களுக்கு வருவோம். சட்ட அறிவைப் பரப்புவது ஆணைக்குழுக்களுக்கு அச்சட்டமே விதித்த கடமை. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, அதன்பின் பிரிவு எண்களை வாசிப்பது என்ற வரிசையில் நடந்தன. கேள்வி நேரம் வருவதற்குள் பாதிக் கூட்டம் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டது. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெண்களின் சொத்துரிமை என்று அங்கு கொடுத்த துண்டறிக்கையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை என்று அது கூறியது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி ஒரு காலத்தில் அதுதான் நிலை. ஆனால் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. அன்றைய தேதியில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தெளிவாக்கியும் விட்டது. பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ 2004 டிசம்பர் 20க்கு முன்பே முடிந்துபோன பாகங்களைத்தான் இனிக் கிளற முடியாது. என் உறவினர் 1989க்கு முன் மணமானவர். அலுவலகத்துக்கு வருமுன் அந்தத் துண்டறிக்கையைப் படித்திருந்தால் வீட்டோடு இருந்திருப்பார். சுட்டிக்காட்டியபோது, பழைய அச்சு மீதமிருந்ததால் கொடுத்தோம் என்றார்கள். சட்டம் மாறிய பிறகு பழைய அச்சைக் குப்பையில் போடுவதே முறை.

இதற்கு நேர்மாறாக, அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நடந்த அமர்வு மெச்சத்தக்கது. பிரிவு எண் எதையும் பேசாமல், மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் ஊராட்சியிடம் ஒரு கேள்வி கேட்டுத் தகவல் உரிமை மனு எழுதவைத்தார்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை எங்கே ஒட்டுவது, 30 நாளில் பதில் வராவிட்டால் கட்டணமின்றி முதல் மேல்முறையீட்டை யாருக்கு அனுப்புவது, கிராம சபை கூடும் நாள்கள் எவை என்பவற்றை அவர்கள் கையால் எழுதிக் கற்றதைப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான முகாமும் இப்படி இருந்தாலென்ன என்று தோன்றியது.

சொத்து, ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, விபத்து, ஜாமீன் ஆகியவற்றுக்கு இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கும் முதியோர் நேராகக் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம்; மனு எழுதும் உதவிக்கு மட்டும் இங்கே வந்தால் போதும். நேரில் செல்ல இயலாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். நேரில் செல்பவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது; எங்களுக்கு வழக்கறிஞரை மாற்றித் தந்ததும் அப்படி முத்திரை பெற்ற ஒரு முறையீட்டின் பேரில்தான்.