வெள்ளெழுத்துக்காரியின் புத்தகப் பை

சென்னை நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கியதை அட்டைப்படத்தோடு அடுக்கிக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். எந்த நாவல் உசத்தி, எந்தக் கவிதை சுமார் என்று சொல்லவும் ஆள் உண்டு. எழுத்து எத்தனை பெரிது, தாள் கண்ணைக் கூசுகிறதா, விரித்து வைத்தால் அப்படியே கிடக்கிறதா என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு 54 வயது. கண்ணாடி இல்லாவிட்டால் பால் பாக்கெட்டில் இருக்கும் தேதியே தெரியாது. கூடுவாஞ்சேரியிலிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவள். என் கண்ணுக்கும் தோளுக்கும் இந்த வருஷப் புத்தகங்கள் எப்படி என்பதுதான் இங்கே கணக்கு.

காட்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977-இல் அண்ணா சாலை மதரஸா பள்ளியில் சின்னதாகத் தொடங்கியது, இன்று ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நூற்றுக்கணக்கான அரங்குகளோடு நடக்கிறது. புத்தகத்துக்கு 10 சதவீதக் கழிவு. பொங்கல் விடுமுறையில் போனால் கூட்டத்தில் நின்று புரட்டவே முடியாது. வேலை நாளில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் கிண்டியில் இறங்கி மெட்ரோவுக்கு மாறினால் மூன்றாவது ஸ்டேஷன் நந்தனம்.

அரங்கில் நான் முதல் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. நேராக நடுவில் திறப்பேன். உள் ஓரத்தில் போதுமான வெள்ளை விட்டிருக்கிறார்களா, இல்லை வரியின் கடைசி எழுத்து முதுகுக்குள் ஓடி ஒளிகிறதா? அடிக்குறிப்பு இருந்தால் அதன் எழுத்தைக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் ஒரு தடவை பார்ப்பேன். அப்புறம் தையல். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஃபாரத்தின் நடுப்பக்கத்தில் நூல் தெரிந்தால் தைத்த புத்தகம். நூல் இல்லையென்றால் முதுகைச் சீவிப் பசை போட்டு ஒட்டியது. ஒரு காலத்தில் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி. இப்போது பல பதிப்பகங்கள் ஐம்பது, நூறு என்று தேவைக்கேற்ப அச்சடிக்கின்றன. அந்தச் சின்ன எண்ணிக்கைக்குத் தைத்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது, அது புரிகிறது. ஆனால் எண்ணூறு பக்கப் புத்தகத்தைப் பசையை நம்பி விடுவது எந்த ஊர் நியாயம்?

இந்த முறை வாங்கியதில் பெரியது உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறு, ‘என் சரித்திரம்’. பல பதிப்பகங்கள் போடுகின்றன, அரங்கு அரங்காக ஏறி இறங்கி ஒப்பிட்டேன். விலை குறைந்த பிரதியில் எழுத்து எறும்பு வரிசை. கடைசியில் எடுத்தது கெட்டி அட்டை, தையல், லேசான மஞ்சள் தாள், தாராளமான வரி இடைவெளி. பணம் கூடத்தான், ஆனால் வாசிக்க முடியாத மலிவை வாங்கி அலமாரியில் வைப்பதற்கு வாங்காமலே இருக்கலாம். ரயிலுக்குச் சரிப்படாது, மடியில் வைத்தால் தாம்பரம் வருவதற்குள் தொடை மரத்துவிடும். அதனால் அது சாப்பாட்டு மேஜைப் புத்தகம். 1940-இலிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர், ஆகவே ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு மூச்சில் முடிகிற அளவு. 122 அத்தியாயங்கள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு இரவுக்கு ஒன்று என்று போனால், ஜனவரிக் கடைசியில் தொடங்கி மே மாதக் கடைசியில் முடித்துவிடலாம். முடிப்பது என்றும் சொல்ல முடியாது. 1942-இல் அவர் காலமானதால் வரலாறு பாதியில் நின்றுபோகிறது. ஆனால் ஆசிரியரைத் தேடித் தகப்பனாரோடு ஊர் ஊராக அலைந்த பையன் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முன்னால் போய் நிற்கிற இடம் இருக்கிறதே, அதைப் பள்ளிப் பாடத்தில் துண்டாகப் படித்ததோடு சரி. இந்த முறை முன்னும் பின்னும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ரயிலுக்கு வாங்கியது ‘நடந்தாய் வாழி காவேரி’. வானொலியில் வேலை பார்த்த எழுத்தாளர்கள் தி.ஜானகிராமனும் சிட்டியும் காவிரியைத் தொடர்ந்து பயணம் போய் எழுதியது, 1971-இல் முதலில் வந்தது. கைப்பையில் அடங்குகிறது, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் விரிக்கலாம். நான் மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்காரி. ஆடிப்பெருக்குக்குக் காதோலை கருகமணி வாங்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடிய ஆள். எங்கள் ஊர்ப் பக்கம் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் புரட்டக் கை பரபரக்கிறது. கூடாது, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத்தான் படித்துக்கொண்டு வர வேண்டும் என்று எனக்கு நானே உத்தரவு போட்டிருக்கிறேன். கூடுவாஞ்சேரியில் உட்கார இடம் கிடைத்தால் பெண்கள் பெட்டியில் ஒரு மணி நேரம் நிச்சயம். பூக்கட்டுகிற அக்காக்கள் பேச்சு சத்தம் இந்த மாதிரிப் புத்தகத்துக்கு இடைஞ்சலே இல்லை.

ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ அப்படியில்லை. இந்தோனேசியாவின் மெடான் நகருக்குள் ஜப்பான் படை நுழைவதில் தொடங்குகிறது. டச்சுத் தெருப் பெயர்கள், மலாய்ச் சொற்கள், செட்டியார் கடைகளில் வேலை பார்க்கிற பெட்டியடிப் பையன்களும் அடுத்தாட்களும். அரங்கிலேயே சில பக்கங்கள் நின்று படித்ததில் ஒரு வரியைத் தவறவிட்டாலும் பின்னால் போக வேண்டியிருந்தது. அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ நாவலையும் சேர்த்து ஒரே கட்டாக வந்த பதிப்பு உண்டு. நான் எடையை நினைத்துத் தனியாகவே எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டுக்காரர் தூங்குகிற நேரத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். எழுத்து சுமாரான அளவுதான், ஜன்னல் வெளிச்சம் வேண்டும்.

பேர் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறுகதைத் தொகுப்பு, அழகான அட்டை, உள்ளே தடித்த வெள்ளைத் தாள், எல்லாம் பசை வேலை. வீட்டில் முதல் தடவை நன்றாக விரித்தபோதே முதுகு ‘படக்’ என்றது, இரண்டு தாள் கையோடு வந்தது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், ‘பார்க்கிறோம் மேடம்’ என்று பதில் வந்தது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி நோட்டு பைண்டு பண்ணுகிற கடையில் கொடுத்தால், அவர் ஓரத்தில் துளை போட்டுப் பக்கத் தையல் போட்டுத் தந்தார். இனி தாள் உதிராது. ஆனால் உள் ஓரம் முழுக்கத் தையலுக்குள் போய்விட்டது, வரிக்கு ஒரு எழுத்தை நாமே ஊகிக்க வேண்டும். என் நாத்தனாருக்குக் கழுகுக் கண். அவளிடம் தள்ளிவிட்டேன்.

கண் களைத்த நாட்களுக்கு என்று நேஷனல் புக் டிரஸ்ட் அரங்கில் சிறுவர் புத்தகங்கள் சில எடுத்தேன். பேரப்பிள்ளைக்கா என்று பில் போட்ட பையன் கேட்டான். எனக்குத்தான் தம்பி என்றேன். பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம், விலையும் கையைக் கடிக்காது. மாம்பலத்தில் ஏறுகிற கூட்டத்துக்கு நடுவிலும் படிக்கலாம்.

‘கிண்டிலில் எழுத்தைப் பெரிசாக்கிக்கோம்மா’ என்று மகள் வருஷா வருஷம் சொல்கிறாள். வாஸ்தவம்தான். போனில் போட்டும் வைத்திருக்கிறேன். நாலு வரி படிப்பதற்குள் குடும்ப குரூப்பில் யாராவது குட்மார்னிங் அனுப்பிவிடுகிறார்கள்.

ஆசைப்பட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பு. 1992-இல் வந்த முதல் பதிப்பு வீட்டில் இருக்கிறது, அதுவே என் மகள் கல்லூரி முடிக்கும்வரை உழைத்தது. புதியது கையில் எடுத்தால் செங்கல் கனம், ஏற்கெனவே தோள் இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கூரியரில் வீட்டுக்கே வரவழைத்துக்கொள்வதாக உத்தேசம். அடுத்த மாதச் சம்பளம் வந்ததும்.