பஞ்சு போல அமுங்கும் பிரேக் பெடல்: காற்றை வெளியேற்ற எந்த முறை நல்லது?

பிரேக் பெடல் கெட்டியாக நிற்காமல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றால் உடனே வரும் பதில், “லைன்ல காத்து ஏறியிருக்கும், பிளீட் பண்ணுங்க” என்பதுதான். லைன் என்பது பிரேக் ஆயில் போகும் குழாய், பிளீட் என்பது அதிலிருக்கும் காற்றை வெளியேற்றுவது. பெரும்பாலும் அந்தப் பதில் சரியாகவே இருக்கும். பிரேக் ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். பிரேக் பேடைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் அழுத்த வேண்டிய விசை குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது. ஆனால் காற்றே இல்லாமலும் பெடல் இறங்கும். அப்போது எத்தனை முறை பிளீட் செய்தாலும் ஆயில்தான் வீண். அதனால் முறைகளை ஒப்பிடுவதற்கு முன், கோளாறு எது என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலைச் சில தடவை மிதித்து, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு அடுத்தடுத்து வேகமாக மிதிக்கும்போது பெடல் மேலேறிக் கெட்டியானால் காற்று இருக்கிறது, அல்லது பின்சக்கர டிரம் பிரேக்கில் உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போதே மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போது ஆயிலை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் போயிருக்கும். நீண்ட இறக்கத்தில் மட்டும் மென்மையாகி, ஆறியதும் சரியாகிவிட்டால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்து கொதித்திருக்கிறது. புதிய டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். பூஸ்டர் மீது பழி போடுவதில் அர்த்தமில்லை. பூஸ்டர் கெட்டால் பெடல் இறுகிப்போகும், மென்மையாகாது.

சரி, காற்றுதான் என்று தெரிந்துவிட்டது. எப்படி எடுப்பது?

ஒருவர் மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே இருக்கும் நிப்பிளை (காற்றும் ஆயிலும் வெளியேறும் சிறு திருகு) திறந்து மூடும் பழைய முறைக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் நல்ல பலன் தரும். இதில் எல்லாமே ஒழுங்கைப் பொறுத்தது. பெடல் கீழே இருக்கும்போதே நிப்பிளை மூடிவிட வேண்டும். அதற்குள் காலை எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். படபடவென்று மிதித்தால் பெரிய குமிழி நுரையாக உடைந்து வெளியே வர மறுக்கும். எனக்கு இதைவிடப் பெரிய கவலை மாஸ்டர் சிலிண்டர். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் அதன் நீளத்தில் ஒரு பகுதிதான் போய்வருகிறது. மீதிப் பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். பிளீட் செய்கிறோம் என்று பெடலைத் தரைவரை அழுத்தினால் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். காற்றை எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரே போய்விடும். பழைய கார் என்றால் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையைக் கட்டாயம் வையுங்கள்.

கையால் இயக்கும் வேக்யூம் பம்பை நிப்பிளில் மாட்டி உறிஞ்சுவது தனியாளுக்கு வசதி, அதனால்தான் அதிகம் பேர் வாங்குகிறார்கள். ஆனால் நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாகவும் காற்று உறிஞ்சப்படும். குழாயில் குமிழி வந்துகொண்டே இருக்கும். அது உள்ளிருந்து வருகிறதா, மரையிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியாது. மரையைச் சுற்றி கிரீஸ் தடவினால் ஓரளவு குறையும். பழைய ஆயிலை மாற்ற இந்த முறை போதும். காற்று முழுவதும் போய்விட்டதா என்று உறுதி செய்ய இதை நான் நம்பமாட்டேன்.

என் தேர்வு, ஆயில் டப்பாவின் மூடிக்குப் பதிலாக ஒரு அடாப்டரைப் பொருத்தி மேலிருந்து அழுத்தம் கொடுக்கும் முறை. சுமார் 10 முதல் 15 பிஎஸ்ஐ போதும். பெடலைத் தொடவே வேண்டியதில்லை, எனவே மாஸ்டர் சிலிண்டர் சீலுக்கு ஆபத்து இல்லை. லைன் முழுவதும் வெளிநோக்கிய அழுத்தத்தில் இருப்பதால் மரை வழியாகக் காற்று உள்ளே வராது. குழாயில் தெரியும் குமிழி நிஜமாகவே லைனில் இருந்த குமிழி. ஒரு ஆளே செய்துவிடலாம். குறை என்றால் அடாப்டர் சரியாகப் பொருந்த வேண்டும். கசிந்தால் பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும். அதனால் முதலில் ஆயில் ஊற்றாமல் காற்றழுத்தம் மட்டும் கொடுத்துக் கசிவு பாருங்கள். ஆயில் சிந்திவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

நிப்பிளைத் திறந்துவிட்டு ஆயில் தானாக இறங்க விடுவது மெதுவான வழி, ஆனால் எதையும் கெடுக்காது. டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுமை மட்டும் வேண்டும். காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) மாற்றியவர்கள் இதிலேயே தொடங்கலாம். கீழிருந்து மேலே ஆயிலைத் தள்ளும் தலைகீழ் முறையில் குமிழி தன் இயல்பான திசையிலேயே போகும் என்பது உண்மைதான். ஆனால் காலிப்பரில் தங்கிய அழுக்கும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் போகும். பழைய ஆயில் இருக்கும் காரில் இது வேண்டாம்.

எந்த முறையிலும் பெடல் தேறவில்லை என்றால் முதலில் காலிப்பரைப் பாருங்கள். இடது வலது மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும், மேலே தங்கிய காற்று எப்படியும் வராது. அது சரியாக இருந்தால், ரப்பர் ஹோஸ்களை அதற்கான கிளாம்ப்பால் ஒவ்வொன்றாக மெதுவாக அடைத்துப் பாருங்கள். எதை அடைக்கும்போது பெடல் தெளிவாகக் கெட்டியாகிறதோ அந்தச் சக்கரத்தில்தான் காற்றோ, உப்பும் ஹோஸோ இருக்கிறது. எல்லாவற்றையும் அடைத்த பிறகும் அமுங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ ஏபிஎஸ் யூனிட்டிலோதான் கோளாறு. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் சிக்கிய காற்றுக்குப் பல கார்களில் ஸ்கேன் கருவியால் உள்ளிருக்கும் பம்பையும் வால்வுகளையும் இயக்கித்தான் பிளீட் செய்ய வேண்டும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், வண்டியில் ஏற்றியே பட்டறைக்கு அனுப்புங்கள்.